ஆய்வுக் கூடத்திலிருந்து அங்காடிக்கு: ஒரு தடுப்பூசியின் வரலாறு

நம் காலனிக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த 24 மணி நேரத்திற்குள் தொடையில் ஒரு சிறு ஊசி போடப்படுகிறது. தாய்மார் அதனை 'மஞ்சட்காமாலை ஊசி' என்பர். அரசாங்க மருத்துவமனையில் அதற்குக் காசு வாங்குவதில்லை. எளிதிற் கிடைக்கும் பொருளின் அருமை நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. இந்நோய்க்கான தடுப்பூசி முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, மூன்று தவணைக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 டாலர் விலையாயிற்று. 1990-களின் முற்பகுதியில் நம் நாட்டில் இறக்குமதி ஊசிக்குத் தவணை ஒன்றுக்குப் பல நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 1997-ஆம் ஆண்டில், நாம் பிழைக்க வந்து வாழும் இந்த ஹைதராபாத்-செகந்தராபாத் இரட்டை நகரத்திலேயே செய்யப்பட்ட ஊசி, தவணை ஒன்றுக்கு ஏறத்தாழ 50 ரூபாய்க்கு வெளிவந்தது. கண்டறிந்தவர் யார், பணம் போட்டவர் யார், நட்டம் வந்தாலும் வரட்டும் என்று துணிந்தவர் யார் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். பள்ளி இறுதிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. எனினும் எங்கள் தொழிலில் வழங்கும் ஒரு முறை இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள எனக்குத் துணை செய்தது. சரக்கு அனுப்புவோர் அதனை 'ரயில்வே ரிஸ்க்' என்றோ, 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்றோ பதிவு செய்யலாம். முன்னதற்குக் கூலி மிகுதி. வழியில் சேதம் நேர்ந்தால் ரயில்வே பொறுப்பு. பின்னதற்குக் கூலி குறைவு. சேதம் பெரும்பாலும் உடையவர் தலையில் விழும். ஆய்வுக் கூடத்தில் பிறந்த ஒரு புதிய மருந்து நோயாளியின் கையை அடைவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகலாம். அந்த நெடுவழியில் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு? இக்கேள்விக்கு விடை கிடைத்த இடங்களிலேதான் மருந்து முன்னேறியது. கிடைக்காத இடங்களில் அது தண்டவாளத்திலேயே நின்றுவிட்டது.

நோயும் கிருமியும்

மஞ்சட்காமாலை என்பது ஒரே நோயன்று. அசுத்தமான குடிநீராலும் உணவாலும் வருவது ஒருவகை. அது பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். இரத்தத்தின் வழியே பரவும் 'பி' வகைக் கல்லீரல் அழற்சி வேறு. தூய்மை செய்யாத ஊசியாலும், சோதியாது ஏற்றிய இரத்தத்தாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து பிறக்கும்போதே குழந்தைக்கும் அது தொற்றும். வளர்ந்தவர்க்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் தாமே தேறிவிடுவர். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் கிருமி நிலையாகத் தங்கிவிடும். அக்குழந்தை ஓடியாடி வளரும், படிக்கும், மணம் செய்துகொள்ளும். முப்பது நாற்பது வயதில் கல்லீரல் சுருங்கியோ, புற்றுநோய் கண்டோ குடும்பத்தைத் தவிக்க விட்டுவிடவும் கூடும். 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 25 கோடியே 40 லட்சம் பேரிடமும், இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேரிடமும் இக்கிருமி நிலைத்திருந்தது என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இக்கிருமியின் தடயத்தைக் கண்டவர் அமெரிக்க அறிஞர் பாருக் பிளம்பர்க். அவர் தேடியது மஞ்சட்காமாலையை அன்று. பல நாட்டு மக்களின் இரத்தத்தில் பரம்பரையாக உள்ள வேறுபாடுகளையே. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளி ஒருவரின் இரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தநீரோடு மட்டும் வினைபுரிவதைக் கண்டார். அவரும் உடனாய்வாளர்களும் 1965-இல் வெளியிட்ட இப்பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டனர். அது பி வகைக் கிருமியின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. இதன் பயனாக இரத்த தானத்தைச் சோதிக்கும் முறை ஏற்பட்டது. 1976-இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசின் பங்கு கிடைத்தது.

இரத்தத்திலிருந்து எடுத்த ஊசி

கிருமியின் மேலுறையை மட்டும் பிரித்தெடுத்து உடலிற் செலுத்தினால், நோய் வராது; நோயை எதிர்க்கும் ஆற்றல் வரும் என்று பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் கருதினர். 1969-இல் பிலடெல்பியாவிலுள்ள அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. அறிஞர்கள் காப்புரிமை கேட்பது பேராசையன்றோ என்று சிலர் எண்ணலாம். ஆனால் பிறர் மறுநாளே அதே பொருளைச் செய்து விற்கலாம் என்ற நிலையில், கோடிக்கணக்கான பணத்தைக் கொட்ட எந்தக் கம்பெனியும் முன்வராது. பின்னர் மெர்க் கம்பெனி உரிமம் பெற்று, மௌரிஸ் ஹில்மன் என்ற தேர்ந்த நிபுணரிடம் வேலையை ஒப்படைத்தது.

வேலை எளிதாக இருக்கவில்லை. ஆய்வுக் கூடத்தில் வளர்க்க வொண்ணாத கிருமி இது. ஆதலின் அதனை உடலிற் சுமந்திருக்கும் மனிதரின் இரத்தத்திலிருந்தே மேலுறையை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததைப் பலவகை இரசாயனங்களால் பதப்படுத்தி, வேறு கிருமி எதுவும் உயிரோடு எஞ்சாதபடி செய்தனர். நியூயார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையில் ஊசி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காப்பளித்தது என 1980-இல் தெரிந்தது. 1981-இல் அரசாங்க அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் அனுமதிக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆயினும் இரு குறைகள் இருந்தன. நோயுற்ற மனிதரின் இரத்தமே கச்சாப் பொருளாக இருக்கும்வரை, உலகிற்கெல்லாம் போதிய ஊசி செய்ய இயலாது. மேலும் அதே காலத்தில் எய்ட்ஸ் நோய் தலைகாட்டியது. பதப்படுத்திய ஊசியில் அக்கிருமி தங்காது என்று அறிஞர்கள் விளக்கியும் மக்களின் அச்சம் தீரவில்லை.

நொதியும் மூலதனமும்

இக்குறைகளுக்கு மாற்று வேறொரு துறையிலிருந்து வந்தது. 1973-இல் கலிபோர்னியாவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் என்னும் இருவர், ஓர் உயிரின் மரபணுவை வெட்டி மற்றோர் உயிரில் ஒட்டும் முறையைக் கண்டனர். மனித இன்சுலினுக்குரிய மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தினால், அந்நுண்ணுயிரே இன்சுலின் செய்து தரும். 1976-இல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளைஞர் பாயரைச் சந்தித்து, இதனைத் தொழிலாக்கலாம் என்று வற்புறுத்தினார். ஆளுக்கு 500 டாலர் போட்டு இருவரும் தொடங்கியதே ஜெனென்டெக் கம்பெனி. துணிகர மூலதனம் போடும் ஒரு நிறுவனம் முதற்கண் ஒரு லட்சம் டாலர் அளித்தது. 1978-இல் மனித இன்சுலின் நுண்ணுயிரில் உருவாயிற்று. 1980 அக்டோபரில் கம்பெனியின் பங்குகள் பொது மக்களுக்கு விற்கப்பட்டன. 35 டாலருக்கு வெளியிட்ட பங்கு ஒரு மணி நேரத்திற்குள் 88 டாலரைத் தொட்டது. அன்று அக்கம்பெனியிடம் விற்பதற்கு ஒரு மருந்துகூட இல்லை! அந்த இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1982-இல்தான்.

அந்த 1980-ஆம் ஆண்டிலேயே வேறு இரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தன. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிரை உருவாக்கியிருந்தார். மனிதர் உருவாக்கிய நுண்ணுயிருக்கும் காப்புரிமை உண்டு என்று அவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கப் பணத்தில் பல்கலைக் கழகங்கள் கண்டவற்றை அப்பல்கலைக் கழகங்களே உரிமையாக்கிக்கொண்டு கம்பெனிகளுக்கு வழங்கலாம் என்ற சட்டமும் அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறியது. ஆய்வுக் கூடத்திற்கும் அங்காடிக்கும் நேர்வழிப் பாதை போட்டாயிற்று எனலாம்.

இப்பாதையில் வந்தவையே இரண்டாம் தலைமுறை மஞ்சட்காமாலை ஊசிகள். கலிபோர்னியப் பேராசிரியர் வில்லியம் ரட்டர், பாப்லோ வலன்ஸுவேலா முதலியோர், கிருமியின் மேலுறைக்குரிய மரபணுவை ஈஸ்ட் என்னும் நொதியில் புகுத்தினர். ரொட்டி மாவை உப்பச் செய்வதும் கள்ளை நுரைக்கச் செய்வதும் இந்த இனத்து நுண்ணுயிரே. அது கிருமி இன்றியே கிருமியின் மேலுறையைச் செய்து தந்தது. இனி மனித இரத்தம் வேண்டுவதில்லை. ரட்டரும் நண்பர்களும் 1981-இல் கைரான் என்ற கம்பெனியைத் தொடங்கினர். மெர்க் கம்பெனி தயாரித்த ஊசி 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு மாற்று முறையில் மனிதர்க்கென உருவான முதல் தடுப்பூசி அதுவே. ஆயினும் விலை இறங்கவில்லை. போட்ட மூலதனத்தை மீட்க வேண்டும் என்றனர் கம்பெனியார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நோய் மிகுதியாக இருந்ததோ ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். ஊசி வாங்கும் வசதி இருந்ததோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்.

கீழாநெல்லியின் கதை

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் கூறல் வேண்டும். மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பது நம் பாட்டிமார் கைமருந்து. சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜன், அதனை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தார். பிளம்பர்க்கும் அவ்வாய்வில் பங்கு கொண்டார். 1988-இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அவர்கள் முடிவு வெளியாயிற்று. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறை மறைந்தது. வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் வியந்தது. ஆனால் பிற இடங்களில் நடத்திய சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை. இவ்வகைக் காமாலையைத் தீர்க்கும் மருந்தென்று மருத்துவ உலகம் அதனை ஏற்கவில்லை. முன்னோர் அறிவு பொய் என்பது இதன் பொருளன்று. நல்ல தொடக்கம் ஒன்று பல இடங்களில் பலமுறை சோதிக்கப்பட்டு நிலைபெற்றால் அன்றி அது மருந்தாவதில்லை. மூலதனத்தின் பெரும்பகுதி செலவாவதும், பெரும்பாலான முயற்சிகள் கவிழ்வதும் இந்தச் சோதனைக் கட்டத்திலேதான்.

இரட்டை நகரத்து முயற்சி

1992-இல் உலகச் சுகாதாரப் பேரவை, எல்லா நாடுகளும் 1997-க்குள் இவ்வூசியைக் குழந்தைகளுக்குப் போடும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானம் நன்று, ஊசிக்கு எங்கே போவது?

நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்த கே. ஐ. வரப்பிரசாத் ரெட்டி மருத்துவரல்லர், உயிரியல் படித்தவருமல்லர். எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். ஜெனீவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குச் சென்ற அவர், இந்நோயின் கொடுமையையும் ஊசியின் விலையையும் அங்கே கேட்டறிந்தார். அயல்நாட்டாரிடம் தொழில்நுட்பம் கேட்டபோது, இது இந்தியருக்கு எட்டாத காரியம் என்ற பொருள்பட விடை வந்தது என அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1993-இல் தம் தாயார் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற கம்பெனியை ஹைதராபாத்தில் தொடங்கினார்.

கட்டடம் இல்லை, ஆய்வுக் கருவி இல்லை. முதலில் உஸ்மானியாப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் தார்நாகாவை அடுத்துள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இடம் பெற்று இளம் விஞ்ஞானிகள் வேலை செய்தனர். நம்மில் பலர் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து செல்லும் கட்டடங்கள் இவை. மக்கள் வரிப்பணத்தில் எழுந்த ஆராய்ச்சிக் கூடம், தனியார் முயற்சிக்குத் தாய்வீடாக நின்றது குறிப்பிடத்தக்கது.

பணத்திற்குத்தான் பெரும் திண்டாட்டம். வங்கி எதனை நம்பும்? நிலம், கட்டடம், இயந்திரம், கிடங்கில் உள்ள சரக்கு இவற்றை நம்பும். ஒரு நொதிக்குள் புகுத்திய மரபணுவை எவ்வாறு ஈடு வைப்பது? சொந்தப் பணமும் நண்பர் உறவினர் பணமும் கரைந்த நிலையில், ஓமான் நாட்டு வெளிநாட்டமைச்சர் யூசுப் பின் அலவி பெருந்தொகை முதலீடு செய்து பங்காளியானார். பின்னர் இந்திய அரசாங்கத்தின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியமும் உதவியது. இவ்வாரியம் 1996-இல் அமைந்தது. சரியாக இத்தகைய முயற்சிகளைத் தாங்குவதே அதன் நோக்கம். எங்கள் கிடங்குப் பேச்சில் சொன்னால், 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று முத்திரையிட்ட சரக்கின் பொறுப்பில் ஒரு பங்கை அரசாங்கம் தன் தோளில் ஏற்றுக்கொண்டது.

1997 ஆகஸ்டில் 'சான்வாக்-பி' என்ற பெயருடன் அவ்வூசி வெளிவந்தது. இந்தியாவில் உருவான முதல் மரபணு மாற்றுத் தடுப்பூசி அது. அதில் ஈஸ்ட் இனத்திலேயே வேறொரு வகையைப் பயன்படுத்தினர். இதற்குச் சட்டமும் இடமளித்தது. 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி அக்காலத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்யும் முறைக்கே உண்டு. வேறு முறையில் செய்தால் குற்றமில்லை. இந்நிலை 2005 சனவரியோடு மாறிவிட்டது.

விலை வீழ்ந்த விதம்

ஒரு கம்பெனியால் மட்டும் விலை நிலையாக இறங்கிவிடாது. தமிழ்நாட்டுத் திருத்தணிப் பகுதியிற் பிறந்த டாக்டர் கிருஷ்ணா எல்லா, அமெரிக்காவில் பயின்று திரும்பி, 1996-இல் இதே ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் கம்பெனியை நிறுவினார். அவர்களும் சில ஆண்டுகளில் மஞ்சட்காமாலை ஊசி செய்தனர். வேறு இந்தியக் கம்பெனிகளும் தொடர்ந்தன. போட்டி மிகுந்தது, விலை மேலும் இறங்கியது. சான்வாக்-பி உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்றபின், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி வழியாக வெளிநாடுகளுக்கும் சென்றது.

ஊசி மலிந்த பிறகே அரசாங்கம் அதனை எல்லோருக்கும் கொடுக்கத் துணிந்தது. 2002-இல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் பரிசோதனையாகத் தொடங்கி, 2011-இல் நாடு முழுவதும் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தனர். 1997-க்கும் 2011-க்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள். மருந்து கடையில் இருந்தும் ஏழைக் குழந்தைக்குக் கிட்டாத ஆண்டுகள் அவை. அங்காடிக்கு வந்துவிட்டால் ஆயிற்று என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

உடைமை கை மாறியது

இனிக் கதையின் மற்றொரு பக்கம். முதலீடு செய்தவர் ஒரு நாள் தம் பணத்தை இலாபத்தோடு திரும்பப் பெற விரும்புவது இயல்பு. பிரான்சு நாட்டு மேரியூ குழுமம் சாந்தாவின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. 2009-இல் அதே நாட்டின் சனோபி கம்பெனி, சாந்தாவின் மதிப்பை 55 கோடி யூரோ எனக் கணக்கிட்டு அப்பங்குகளைத் தனதாக்கிக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்திற்கு முன் நம் வங்கிகள் ஈடு கேட்டுத் தயங்கிய முயற்சியின் விலை இது.

அடுத்த ஆண்டே ஒரு சோதனையும் வந்தது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்து அக்கம்பெனி செய்த 'ஷான்5' ஊசியில் சில குப்பிகளில் வெண்படிவு காணப்பட்டதால், உலகச் சுகாதார நிறுவனம் தகுதிச் சான்றைத் திரும்பப் பெற்றது. குறையை நீக்கி மீண்டும் சான்று பெற 2014 வரை ஆயிற்று. உயிர்ப்பொருளால் ஆன மருந்தில் தரம் தவறினால், பெரிய கம்பெனியாயினும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அயலார் வாங்கியது நன்றா தீதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருமூலதனமும் உலக விற்பனையும் கிடைத்தன என்பர் ஒரு சாரார். நம் மக்கள் வியர்வையில் வளர்ந்த மரத்தின் கனி பிறர் கூடைக்குப் போயிற்று என்பர் மற்றொரு சாரார். எனக்குத் தோன்றுவது இது: தொடக்கத்தில் யார் பொறுப்பேற்கிறாரோ அவரே முடிவில் சாவியை வைத்திருப்பார். நம் சேமிப்பும் நம் வங்கிகளும் முதற்படியில் துணை நிற்காவிடில், கடைசிப் படியில் உரிமை பேசுவதிற் பயனில்லை. அரசாங்கம் இதனை உணராமல் இல்லை. நகரின் வடபுறத்தில் ஜீனோம் வேலி என்னும் ஆராய்ச்சித் தொழிற்பேட்டை எழுந்தது. 2012-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ், இளம் கம்பெனிகளுக்குத் தொடக்கநிலை நிதி வழங்கவென்றே ஒரு பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது.

நாம் அறிய வேண்டுவன

இவ்வரலாற்றால் காலனிக் குடும்பங்களுக்கு என்ன பயன்? முதலாவது, உடல்நலம். பிறந்த 24 மணி நேரத்துள் ஒரு ஊசி. பின் 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசி. இது அரசாங்கத் திட்டம். பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண்கள், ஊர் திரும்பியதும் குழந்தையின் தடுப்பூசி அட்டையைச் சுகாதார நிலையத்தில் காட்டி, விடுபட்டதைப் போட்டுக்கொள்வது நலம். 2011-க்கு முன் பிறந்த பிள்ளைகள் பலருக்கு இவ்வூசி விடுபட்டிருக்கக் கூடும். மருத்துவரைக் கேட்டு அறிக. கருவுற்ற தாய்மார் இரத்தச் சோதனையைத் தவிர்க்கலாகாது.

இரண்டாவது, கல்வி. நம் பிள்ளைகள் உயிரியல் படிக்க விரும்பினால், 'அதற்கு என்ன வேலை கிடைக்கும்?' என்று நாம் தடுப்பது வழக்கமாகிவிட்டது. நொதிகலம் இயக்குவோரும், தரம் சோதிப்போரும், குப்பியை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக் குளிரில், உறைந்துவிடாமல் ஊர் ஊராய்க் கொண்டு சேர்ப்போரும் இத்தொழிலுக்குத் தேவை. விஞ்ஞானி ஒருவர் பின்னால் இத்தகையோர் நூற்றுவர் நிற்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு மரியாதை. மாதச் சம்பளக்காரராகிய நாம் நட்டத்திற்கு அஞ்சி வாழப் பழகியவர்கள். அது தவறன்று, குடும்பம் நடக்க வேண்டும். ஆயினும் நம் தெருவில் ஓர் இளைஞர் புதிய தொழில் தொடங்கித் தடுமாறினால், அவரை நகையாடாதிருப்போமாக. ஓமான் நாட்டார் ஒருவர் இந்த நகரத்து முயற்சியை நம்பியதால், இன்று நம் குழந்தையின் தொடையில் அந்த ஊசி இலவசமாக இறங்குகிறது.